சுடர் இல்லாத நெருப்பு

சுடரே இல்லாமல் ஒரு வாயு எரியுமா? எரியும். தீ நாக்கு தெரியாது, இரைச்சல் கேட்காது. ஆனாலும் எரிபொருள் ஆக்சிஜனோடு சேரும், வெப்பம் வெளிவரும். அந்த வெப்பத்தை வைத்து மின்சாரம்கூட எடுக்கலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சாண்டா கிளாரா என்னும் ஊரில் 1998ஆம் ஆண்டு அப்படி ஓர் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். அதன் புகைபோக்கியில் வந்த நச்சு வாயுவின் அளவு, பழைய இயந்திரங்களில் வந்ததில் மிகச் சிறு பங்குதான்.

அந்த இயந்திரம் புரிய வேண்டுமானால், முதலில் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போக வேண்டும்.

சுரங்கத்து வாயு

1812ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஃபெல்லிங் சுரங்கத்தில் பெரும் வெடிப்பு நடந்தது. 92 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் உங்கள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் சிறுவர்களையும் சுரங்க வேலைக்கு இறக்கினார்கள்.

வெடித்தது மீத்தேன். நிலக்கரிப் படுகைகளின் இடுக்குகளில் தங்கியிருக்கும் வாயு அது. நிறம் கிடையாது, மணம் கிடையாது, கசிந்தால் தெரியாது. காற்றில் அது நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். 15 பங்கைத் தாண்டினால் எரிய ஆக்சிஜன் போதாது. 5 பங்குக்குக் கீழே போனால் வேறொரு சிக்கல்: கலவையில் எரிபொருள் அவ்வளவு குறைவாக இருக்கும்போது, எரிந்த பகுதி தரும் வெப்பம் பக்கத்தில் இருக்கும் பகுதியைப் பற்றவைக்கப் போதாது. சுடர் பரவாமல் செத்துவிடும். இந்த ஐந்து என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்துக்கு மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும்தான் உண்டு. அந்தச் சுடரே அவர்களுக்கு எமனாக வந்தது. இதற்கு வழி காணச் சொல்லி ஹம்ஃப்ரி டேவி என்ற வேதியியலாளரிடம் கேட்டார்கள். 1815இல் அவர், சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை போட்ட விளக்கைச் செய்து கொடுத்தார். வலை வெப்பத்தை உறிஞ்சிப் பரப்பிவிடும். அதனால் உள்ளே எரியும் சுடர் வலையைத் தாண்டி வெளியே இருக்கும் மீத்தேனைப் பற்றவைக்காது. இந்த விளக்குக்கு டேவி காப்புரிமை கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அந்த ஆராய்ச்சியில் அவருக்கு உதவியாளராக இருந்தவர் மைக்கேல் ஃபாரடே. பிற்காலத்தில் மின்சாரத்தில் பெரும் புகழ் பெற்றாரே, அவரேதான்.

விளக்கு முடிந்தும் டேவி ஆராய்ச்சியை விடவில்லை. சுடர் எப்போது வாழும், எப்போது சாகும் என்று சோதித்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை விளக்குக்குள் சுடருக்கு மேலே மெல்லிய பிளாட்டினம் கம்பியை வைத்துவிட்டு, நிலக்கரி வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். வாயு மிகுந்ததும் சுடர் அணைந்தது. கம்பி குளிர்ந்திருக்க வேண்டும் அல்லவா? குளிரவில்லை. சிவந்து ஒளிர்ந்துகொண்டே இருந்தது. இருட்டறைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், சுடர் எதுவும் இல்லை. கம்பியின் பரப்பில் மட்டும் வாயுவும் ஆக்சிஜனும் அமைதியாகச் சேர்ந்துகொண்டிருந்தன. அந்த வெப்பம்தான் கம்பியைச் சிவக்க வைத்தது.

வேறு உலோகங்களிலும் இது நடக்கிறதா என்று பார்த்தார். செம்பு, வெள்ளி, இரும்பு, தங்கம், துத்தநாகம் எதிலும் நடக்கவில்லை. பிளாட்டினத்திலும் பல்லேடியத்திலும் மட்டும் நடந்தது. இதை 1817இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அறிவித்தார். விளக்கில் பிளாட்டினம் சுருள் ஒன்றை வைத்துவிட்டால், சுடர் அணைந்த பிறகும் அதன் ஒளியில் தொழிலாளி வழி பார்த்து வெளியே வரலாமே என்றும் சொன்னார். எந்தக் கண்டுபிடிப்பையும் சுரங்கத்தில் இருக்கும் மனிதருக்கு என்ன பயன் என்று நினைத்துப் பார்த்த அவருடைய குணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1823இல், ஜெர்மனியின் யேனா நகரில் டோபரைனர் என்ற வேதியியலாளர் ஹைட்ரஜன் வாயுவைப் பொடிப்பொடியான பிளாட்டினத்தின் மேல் பீய்ச்சினார். அறை வெப்பநிலையிலேயே பிளாட்டினம் தகதகவென்று சூடேறி, ஹைட்ரஜன் பற்றிக்கொண்டது. தீக்குச்சி கடைக்கு வராத காலம் அது. டோபரைனரின் பற்றவைப்பான் வீடுகளில் விளக்கேற்றப் பயன்பட்டது. தான் கெடாமல் மற்றவற்றின் வேதிவினையைத் தூண்டிவிடும் இப்படிப்பட்ட பொருள்களுக்கு இன்று நாம் வினையூக்கி என்று பெயர் சொல்கிறோம்.

வினையூக்கி என்ன செய்கிறது? மீத்தேனில் ஒரு கார்பன் அணுவை நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் இறுகப் பிடித்திருக்கின்றன. ஆக்சிஜனோடு சேர வேண்டுமானால் முதலில் அந்தப் பிடி விட வேண்டும். அதற்கு நிறைய ஆற்றல் தேவை. சுடருக்குள் அந்த ஆற்றல் கடும் வெப்பத்திலிருந்து கிடைக்கிறது. பல்லேடியத்தின் பரப்பில் வந்து ஒட்டும் மீத்தேன் மூலக்கூறின் பிடியோ அங்கேயே தளர்ந்துவிடும், குறைந்த வெப்பநிலையிலேயே. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகிறவர் மேற்குத் தொடர்ச்சி மலை மீது ஏறி இறங்குவதில்லை; நடுவில் கணவாய் இருக்கிறது, அதன் வழியே போய்விடுகிறார். வினையூக்கி திறந்துவிடுவது அப்படி ஒரு கணவாயைத்தான். எந்த வழியில் போனாலும் அந்த இரண்டு ஊர்களின் உயரம் மாறாது. எப்படி எரித்தாலும் மீத்தேன் தரும் மொத்த வெப்பமும் மாறாது. கடைசியில் கிடைப்பதும் அதே கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான்.

டர்பைனுக்குள் என்ன நடக்கிறது?

சாண்டா கிளாராவில் ஓட்டிக் காட்டிய இயந்திரம் ஒரு வாயு டர்பைன். அதைப் புரிந்துகொள்ள இனி 20ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். 1939ஆம் ஆண்டு ஒரே இயந்திரம் இரண்டு இடங்களில் அரங்கேறியது. சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் நகரில் பிரௌன் போவெரி நிறுவனம் 4 மெகாவாட் மின்சாரம் தரும் வாயு டர்பைனை நிறுவியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27இல் ஜெர்மனியில் ஹைன்கெல் நிறுவனத்தின் ஜெட் விமானம் முதல்முறையாகப் பறந்தது. ஒன்று தரையில் மின்சாரம் செய்தது, மற்றொன்று வானத்தில் பறந்தது. உள்ளே இருந்த தத்துவம் ஒன்றுதான்.

வாயு டர்பைனுக்கு மூன்று பகுதிகள். முன்னால் இருக்கும் அமுக்கி, வெளிக்காற்றை இழுத்துப் பத்து மடங்கு, இருபது மடங்கு என்று அமுக்குகிறது. அமுக்கினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அடுத்து எரிகலன். அங்கே எரிபொருளைச் செலுத்தி எரிக்கிறார்கள். சூடேறிய வாயு விரிந்து மூன்றாவது பகுதியான டர்பைனின் இறக்கைகள் மேல் பாய்ந்து அவற்றைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியில் ஒரு பங்கு அமுக்கியை ஓட்டப் போய்விடும். மீதி ஜெனரேட்டரைச் சுழற்றும்.

இப்போது எரிகலனை உற்றுப் பாருங்கள். மீத்தேனும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்து எரிந்தால் சுடரின் வெப்பநிலை 1950 டிகிரி செல்சியஸ் வரை போகும். அமுக்கியில் ஏற்கெனவே சூடான காற்று என்பதால் டர்பைனுக்குள் அது 2000 டிகிரியையும் தாண்டும். டர்பைனின் உலோக இறக்கைகளால் அந்தச் சூட்டைத் தாங்க முடியாது. ஆகவே பழைய எரிகலன்களில் இப்படிச் செய்தார்கள்: காற்றில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து எரிபொருளை 2000 டிகிரியில் எரிப்பது, பிறகு மீதிக் காற்றை அதில் கலந்து ஆற்றிவிட்டு இறக்கைகளுக்கு அனுப்புவது.

கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி, உடனே ஆற்றுவது எதற்கு? எல்லாக் காற்றையும் எரிபொருளோடு முதலிலேயே கலந்து, தேவையான வெப்பநிலைக்கு மட்டும் எரித்தால் ஆகாதா? இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியிருந்தால், இந்தத் துறையின் மையக் கேள்வியையே கேட்டிருக்கிறீர்கள். பதில் அந்த ஐந்து என்ற எண்ணில் இருக்கிறது. எல்லாக் காற்றோடும் கலந்தால் எரிபொருளின் பங்கு நூற்றுக்கு மூன்று, நான்கு என்ற அளவுக்கு இறங்கிவிடும். அவ்வளவு நீர்த்த கலவையில் சுடர் நிலைத்து நிற்காது.

சரி, கொஞ்ச நேரம் 2000 டிகிரியில் எரிந்தால்தான் என்ன கெட்டுப்போகிறது? காற்றில் இருக்கும் நைட்ரஜன் கெடுகிறது.

விழித்துக்கொள்ளும் நைட்ரஜன்

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்டு ஒரு மூலக்கூறாக இருக்கின்றன. அதனால் அது எதோடும் எளிதில் சேராது. நம் நுரையீரலுக்குள் போய் அப்படியே திரும்பி வருகிறது.

ஆனால் சூடு 1500 டிகிரியைத் தாண்டும்போது நிலைமை மாறுகிறது. சுடருக்குள் ஆக்சிஜன் மூலக்கூறுகள் சில உடைந்து தனி அணுக்களாகின்றன. தனி ஆக்சிஜன் அணு நைட்ரஜன் மூலக்கூறை மோதிப் பிளக்கிறது. ஒரு நைட்ரிக் ஆக்சைடும் ஒரு தனி நைட்ரஜன் அணுவும் கிடைக்கின்றன. அந்தத் தனி அணு இன்னோர் ஆக்சிஜன் மூலக்கூறைத் தாக்கி, மற்றொரு நைட்ரிக் ஆக்சைடையும் ஒரு தனி ஆக்சிஜன் அணுவையும் உண்டாக்குகிறது. அந்த ஆக்சிஜன் அணு அடுத்த நைட்ரஜன் மூலக்கூறைத் தேடிப் போகிறது. சங்கிலி இப்படி நீளும்.

இந்தச் சங்கிலியை விளக்கியவர் யாக்கோவ் செல்டோவிச் என்ற ரஷ்ய விஞ்ஞானி. 17 வயதிலேயே லெனின்கிராடில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர் அவர். 1946இல் வெளிவந்த அவருடைய ஆய்வு இன்றும் எரிதல் பற்றிய பாடநூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதில் கவனிக்க வேண்டியது இதுதான்: சங்கிலியின் முதல் படியின் வேகம், வெப்பநிலை சற்றே மாறினாலும் பெரிதும் மாறும். 1530 டிகிரியிலிருந்து 1630 டிகிரிக்குச் சூடு ஏறினால், அந்தப் படி மட்டுமே ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகும். தனி ஆக்சிஜன் அணுக்களும் பெருகும் என்பதால் உண்மையான உயர்வு அதற்கும் மேலே. 2000 டிகிரியில் எவ்வளவு உருவாகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

வெளியே வரும் நைட்ரிக் ஆக்சைடு காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறும். பழுப்பு நிறமான அந்த வாயு நுரையீரலைத் தாக்கும். ஆஸ்துமா உள்ளவர்களை வாட்டும். மழைநீரோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும். இன்னொரு வேலையும் செய்கிறது, அதைக் கண்டுபிடித்தது லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் துன்பத்திலிருந்து. 1943ஆம் ஆண்டு ஜூலையில் அந்த நகரத்தைக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் மூடியது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். எதிரி நாடு நச்சு வாயு வீசிவிட்டதோ என்று சிலர் அஞ்சினார்கள். சில ஆண்டுகள் கழித்து, அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் தம் கருவிகளைப் புகைமூட்டத்தின் பக்கம் திருப்பினார். வாகனங்களும் ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடும் பெட்ரோலிய ஆவியும் வெயிலில் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று காட்டினார். வானத்தின் உயரத்தில் இருக்கும் ஓசோன் நம்மைக் காக்கும். மூக்கருகே இருக்கும் ஓசோன் மூச்சைக் கெடுக்கும்.

அதன் பிறகு கலிஃபோர்னியா மாநிலம் உலகத்திலேயே மிகக் கடுமையான காற்றுத் தூய்மை விதிகளை வகுத்தது. மின்நிலையங்களும் அவற்றுக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. பொறியாளர்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளின் அளவைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். கட்டுப்பாடு எதுவும் இல்லாத பழைய டர்பைனின் புகையில் இது நூறு பங்கைத் தாண்டும்.

குறைக்கப் பல வழிகள் வந்தன. சுடருக்குள் தண்ணீரையோ நீராவியையோ பீய்ச்சிச் சூட்டைத் தணிப்பது ஒன்று. அதற்கு மிகத் தூய்மையான தண்ணீர் ஏராளமாக வேண்டும். எரிபொருளையும் காற்றையும் முன்கூட்டியே கலந்து, சுடர் அணைந்துவிடும் எல்லையை ஒட்டி எரிப்பது இன்னொன்று. இந்த முறையில் 25 பங்கு, பிறகு 9 பங்கு என்று இறக்கிவிட்டார்கள். பெரிய சாதனைதான். ஆனால் எல்லையில் நிற்கும் சுடர் நடுங்கும். அதன் நடுக்கம் எரிகலனுக்குள் உரத்த ஓசையாக எழும்பி, உலோகப் பாகங்களை விரிசல் விட வைக்கும். மூன்றாவது வழி, நச்சு உண்டான பிறகு புகைபோக்கியில் அம்மோனியாவைச் செலுத்தி அதை மீண்டும் நைட்ரஜனாக்குவது. இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அம்மோனியாவைச் சேமித்து வைக்க வேண்டும், அதில் கொஞ்சம் வெளியேயும் கசியும்.

டேவியின் கம்பி திரும்பி வருகிறது

அமெரிக்காவில் எங்கல்ஹார்டு என்ற நிறுவனம் பிளாட்டினத்திலும் பல்லேடியத்திலும் வினையூக்கிகள் செய்துவந்தது. கார்களின் புகைக்குழாயில் பொருத்தும் வினையூக்கிகளையும் அது தயாரித்தது. இன்று நம் ஊர் மோட்டார் சைக்கிள்களின் சைலன்சருக்குள்ளும் அந்த வகை வினையூக்கி இருக்கிறது. அது உண்டான நச்சைப் பிறகு துப்புரவு செய்வது. எங்கல்ஹார்டில் வேலை பார்த்த வில்லியம் ஃபெஃபர்லி என்ற வேதியியலாளர் வேறு மாதிரி யோசித்தார். நச்சு உண்டாகாமலேயே எரிக்க வினையூக்கியைப் பயன்படுத்தினால் என்ன? 1975ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த முறைக்கு அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுவார்கள், ஆகவே நிதானமாகப் படியுங்கள். வினையூக்கி சூட்டைக் குறைக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஒரே கலவையைச் சுடரில் எரித்தாலும் வினையூக்கியின் மேல் எரித்தாலும் முடிவில் வரும் வெப்பம் ஒன்றுதான் என்று மேலே பார்த்தோம். சூட்டைக் குறைப்பது கலவையின் நீர்த்த தன்மை. நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு எரிபொருள் இருக்கும் கலவை முழுவதும் எரிந்தாலும் 2000 டிகிரிக்குப் போகவே முடியாது. அதில் அவ்வளவு எரிபொருள் இல்லை. ஆனால் அந்தக் கலவையில் சுடர் வாழாது. வினையூக்கிக்கோ சுடர் தேவையே இல்லை. சுடர் சாகும் இடத்தில் எரிதலை நடத்திக் காட்டுவதுதான் அதன் பங்கு. எரிபொருளும் காற்றும் முன்பே சீராகக் கலந்துவிடுவதால் ஓரிடத்தில் அதிகச் சூடு, ஓரிடத்தில் குறைவு என்ற பேச்சும் இல்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து முடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எரிதல் முழுவதையும் வினையூக்கியின் மேலேயே நடத்தினால் அது 1000 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டில் நுண்ணிய உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெரிய கட்டிகளாகும். வினை நடக்கும் பரப்பு சுருங்கிவிடும், வினையூக்கி செயலிழக்கும்.

கலிஃபோர்னியாவில் மவுண்டன் வியூ நகரத்தில் இருந்த கேட்டலிடிகா நிறுவனம் இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டது. மெல்லிய உலோகத் தகட்டை நெளிநெளியாக மடித்து, சுருட்டி, ஆயிரக்கணக்கான குறுகிய கால்வாய்கள் கொண்ட உருளையாகச் செய்தார்கள். தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் பல்லேடியம் பூசினார்கள். ஆகவே ஒரு கால்வாயில் வினை நடக்கும். அடுத்த கால்வாயில் நடக்காது. வினை நடக்காத கால்வாயில் ஓடும் கலவை, பக்கத்துக் கால்வாயின் சூட்டை உறிஞ்சித் தகட்டைக் காக்கும். எரிபொருளில் ஏறத்தாழப் பாதிதான் இந்த உருளைக்குள் எரியும். அங்கிருந்து வெளிவரும் வாயு நன்றாகச் சூடேறியிருப்பதால், அடுத்திருக்கும் காலியான பகுதியில் மீதி எரிபொருள் சுடர் எழாமலே முழுவதும் எரிந்து தீரும். அங்கேயும் சூடு 1300 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நைட்ரஜன் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும்.

பல்லேடியத்திடம் இன்னொரு நல்ல குணம் உண்டு. மீத்தேனை எரிக்க உதவுவது பல்லேடியம் ஆக்சைடு. சூடு 800, 900 டிகிரி என்று ஏறினால் அந்த ஆக்சைடு ஆக்சிஜனை விட்டுவிட்டு வெறும் பல்லேடியமாகிவிடும். வெறும் பல்லேடியத்தின் மேல் வினை மெதுவாகத்தான் நடக்கும். வினை மெதுவானால் சூடு இறங்கும். சூடு இறங்கினால் மீண்டும் ஆக்சைடாகும். வெளியிலிருந்து யாரும் கட்டுப்படுத்தாமல் அந்த உலோகமே தன் சூட்டுக்கு வரம்பு போட்டுக்கொள்கிறது. இயற்கையில் இப்படி ஒரு குணம் ஓர் உலோகத்துக்கு அமைந்திருப்பதும், அதைக் கண்டு பயன்படுத்திக்கொள்ள மனிதர்களுக்குத் தெரிந்ததும் எனக்கு என்றைக்கும் வியப்புத்தான். 1817இல் டேவி தேர்ந்தெடுத்த இரண்டு உலோகங்களில் இது ஒன்று என்பதையும் கவனியுங்கள்.

இந்த எரிகலனுக்கு ஸோனான் என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானின் கவாசாகி நிறுவனம் செய்த ஏறத்தாழ ஒன்றரை மெகாவாட் டர்பைனில் அதைப் பொருத்தி, 1998இல் சாண்டா கிளாரா நகரத்தின் மின்வாரியமான சிலிக்கான் வேலி பவரின் மின்கம்பிகளோடு இணைத்தார்கள். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். நைட்ரஜன் ஆக்சைடுகளின் அளவு பத்து லட்சத்தில் மூன்று பங்குக்கும் கீழே இருந்தது. தண்ணீர் பீய்ச்சவில்லை, அம்மோனியா சேர்க்கவில்லை. அரைகுறையாக எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடும் மிகக் குறைவு. சுடர் இல்லை என்பதால் எரிகலனை உலுக்கும் அந்த ஓசையும் இல்லை.

ஏன் எல்லா இடத்திலும் இல்லை?

இவ்வளவு நல்ல முறை என்றால் எல்லா மின்நிலையங்களிலும் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. காரணங்களை மறைக்காமல் சொல்கிறேன்.

வினையூக்கி வேலை தொடங்க 400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அமுக்கியிலிருந்து வரும் காற்று பல நேரம் அந்த அளவுக்குச் சூடாக இருக்காது. ஆகவே முன்னால் ஒரு சிறிய சுடரை எரித்துக் காற்றைச் சூடாக்க வேண்டும். கடைசியில் வரும் கொஞ்சநஞ்ச நைட்ரஜன் ஆக்சைடிலும் பெரும்பகுதி அந்தச் சிறு சுடரின் வேலைதான்! மின்சாரத் தேவை கூடும்போதும் குறையும்போதும் எரிபொருளின் அளவு மாறும். வினையூக்கிக்கோ குறிப்பிட்ட ஒரு வரம்புக்குள் இருந்தால்தான் பிடிக்கும். குறைந்தால் வினை அணையும், கூடினால் தகடு உருகும். எரிவாயுவில் கந்தகம் இருந்தால் பல்லேடியத்தின் வீரியம் குறையும். கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக எரிவாயுவில் கலக்கும் நாற்றப் பொருளிலும் கந்தகம் உண்டு. பல்லேடியம் விலை உயர்ந்தது, வினையூக்கியை அவ்வப்போது மாற்றவும் வேண்டும். பெரிய மின்நிலைய டர்பைன்களோ இன்னும் அதிகச் சூட்டில் ஓடுகின்றன. அந்தச் சூட்டுக்கு ஏற்ற வினையூக்கி அமைப்பு மிகக் கடினம்.

இதற்கிடையே சுடரை எல்லையில் நிறுத்தி எரிக்கும் முறையும் அம்மோனியா முறையும் மேலும் மேலும் தேறிக்கொண்டே வந்தன. மின்நிலையம் நடத்துகிறவர்கள் தெரிந்த வழியிலேயே போனார்கள். 2006இல் ஸோனான் தொழில்நுட்பத்தைக் கவாசாகி வாங்கிக்கொண்டது. விமானங்களில் இந்த முறை ஏறவே இல்லை. விமான எரிபொருள் திரவம், அதை ஆவியாக்கிச் சீராகக் கலக்க வேண்டும். மேலே எழும்போதும் இறங்கும்போதும் விசையைச் சட்டென்று மாற்றவும் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த முறை நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும், கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. எரிபொருளில் கார்பன் இருக்கும்வரை அது வரத்தான் செய்யும். அதற்காகத்தான் இப்போது பல நாடுகளில் டர்பைன்களை ஹைட்ரஜனில் ஓட்ட முயல்கிறார்கள். ஹைட்ரஜனில் கார்பனே கிடையாது. எரித்தால் நீராவிதான் வரும். ஆனால் அதன் சுடர் மீத்தேன் சுடரைவிட நூறு டிகிரிக்கும் மேல் அதிகச் சூடானது. டோபரைனர் காட்டியபடி, அதே ஹைட்ரஜன் பிளாட்டினத்தின் மேல் அறை வெப்பநிலையிலேயே வினைபுரியவும் செய்கிறது. முன்னால் சிறு சுடரை எரித்துக் காற்றைச் சூடாக்கும் தொல்லை அங்கே குறையலாம். என் கருத்தில், சுடர் இல்லாத எரிதலை ஒதுக்கிவைக்க இது நேரமில்லை. ஹைட்ரஜனோடு சேர்த்து அதை மறுபடியும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். 1000 டிகிரியைத் தாங்கும், விலை குறைந்த, கந்தகத்துக்கு அஞ்சாத வினையூக்கி ஒன்று கிடைத்தால் மேலே சொன்ன தடைகளில் பாதி நீங்கிவிடும். அதைத் தேடும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது, உங்களில் யாருக்காவது.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. ஹைட்ரஜன் எரிந்தால் நீராவி மட்டுமே வரும் என்கிறார்கள். அப்படியானால் ஹைட்ரஜனைச் சுடரில் எரிக்கும் டர்பைனின் புகைபோக்கியில் நைட்ரஜன் ஆக்சைடு வருமா, வராதா? வரும் என்றால் எங்கிருந்து? செல்டோவிச்சின் சங்கிலியை இன்னொரு முறை படித்துவிட்டு, காரணத்தோடு விடை எழுதி அனுப்புங்கள்.